நனையாத தீப்பெட்டி

எண்பதுகளின் தொடக்கம். தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. நாங்கள் அப்போது ஈப்போவுக்குக் கொஞ்சம் தள்ளி, சிம்பாங் பூலாய் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய ஒரு கம்பத்தில் வாடகைக்கு இருந்தோம். கம்பம் என்றால் மலாய்க் கிராமம். பாதி கல், பாதி பலகை, மேலே தகரக் கூரை. என் கணவருக்கு மலையடிவாரத்துக் கல் குவாரியில் வேலை. மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவன் எட்டு மாதக் கைக்குழந்தை. அந்த வீட்டில் ஒரு நாள் காலையில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெள்ளத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. அந்தத் திமிர் சும்மா வந்ததில்லை. நான் பிறந்து வளர்ந்தது கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அறுபதுகளில் எங்கள் லயத்து வீடுகள் ஆற்றுப் பள்ளத்தில் இருந்தன. ஐப்பசி மழை பிடித்தால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்து விசாரித்துவிட்டுப் போகும். பாயைச் சுருட்டு, கோழியைப் பரணில் ஏற்று, விறகை மேலே அடுக்கு என்று எல்லாம் எங்களுக்குப் பழக்கம்.

ஆனால் ஒரு வருஷம், எங்கள் வரிசையில் இருந்த அத்தனை வீட்டிலும் தீப்பெட்டி நனைந்துபோய்விட்டது. விறகு இருக்கிறது, அரிசி இருக்கிறது, பற்றவைக்க வழியில்லை. பச்சைப் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்ச முடியாமல் பெண்கள் எல்லாரும் தவித்துப்போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் அது சட்டமாகிவிட்டது. மழை கறுத்தால் முதலில் தீப்பெட்டியைக் காப்பாற்ற வேண்டும். ரொட்டி டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகை உருக்கி ஊற்றி, கூரைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிடுவோம். அரிசி நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம், நெருப்பு நனைந்தால் வீடே பட்டினி என்று அம்மா சொல்லும். கல்யாணம் ஆகி வந்த பிறகும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

சிம்பாங் பூலாய் வீட்டுக்கு வந்து இரண்டாவது வருஷம், தீபாவளிக்குக் கணவர் கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தார். அடேயப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த பவிசைக் கேட்காதீர்கள். தோட்டத்தில் புகை ஊதி ஊதிக் கண் சிவந்தவள் நான். இங்கே ஒரு திருகு திருகினால் நீல நெருப்பு! ஊரிலிருந்து யார் வந்தாலும் தேநீர் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னாலேயே அடுப்பைப் பற்றவைத்துக் காட்டுவேன்.

கேஸ் கொண்டுவந்து கொடுப்பவர் ஒரு சீனர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் இரும்புச் சட்டம் அடித்து, அதில் கேஸ் தோங்கைக் கட்டிக்கொண்டு வருவார். கேஸ் உருளையை நாங்கள் தோங் என்றுதான் சொல்வோம். தோட்டக்காட்டுப் பக்கம் வளர்ந்தவர் போலிருக்கிறது, உடைந்த தமிழ் பேசுவார். எப்போதும் முழங்கால் வரை கறுப்பு ரப்பர் பூட்ஸ். அந்தப் பூட்ஸ்தான் எனக்கு ஆகாது.

எங்கள் வீட்டில் பின்வாசலைத் திறந்தால் அடுப்படி. அடுப்படியிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் சாமி மேடை. நடுவில் கதவு கிடையாது. சாமி இருக்கிற இடத்தில் பூட்ஸ் காலோடு ஒருவர், அதுவும் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தாரோ தெரியாது, அவரை எப்படி உள்ளே விடுவது? அதனால் முதல் நாளே சொல்லிவிட்டேன், தோங்கைப் பின்வாசல் படியில் வைத்தால் போதும், உள்ளே வரவேண்டாம் என்று. அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியோடு நின்றுகொண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். ஒரு தடவைகூட அந்தப் படியைத் தாண்டியதில்லை. "அக்கா, கேஸ்!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு வெயிலோ மழையோ அங்கேயே நிற்பார். தோங்கை உள்ளே உருட்டிப்போய் மாட்டுவது என் கணவர் வேலை.

ஒரு நாள் அவர் படியில் நின்றபடியே புதுத் தோங்கின் தலையைத் தட்டிக் காட்டினார். "அக்கா, சமையல் முடிஞ்சா அடுப்பு மட்டும் இல்ல, இங்கயும் மூடணும். உள்ள வந்து காட்டவா?" என்று கேட்டார்.

"தெரியும் தெரியும். எங்க வூட்டுக்காரரு பாத்துக்குவாரு" என்றேன்.

உண்மையில் எனக்கும் தெரியாது, எங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அடுப்புத் திருகை மூடினால் கேஸ் நின்றுவிடும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தோங்கின் தலையில் இருந்த திருகை மாட்டிய நாளில் திறந்ததுதான், தீர்ந்து போகும்வரை மூடியதே இல்லை.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன். மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம் ஆற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறி, வாழை மரங்களை வேரோடு இழுத்துக்கொண்டு ஓடியது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், தலையில் மூட்டையோடு வந்து, இன்றைக்குத் தண்ணீர் ஏறும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கா பயம்? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். பிறப்புப் பத்திரங்கள், குடியுரிமை கிடைக்காத கணவரின் சிவப்பு அடையாள அட்டை, கல்யாணப் போட்டோ எல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்போடு கட்டியாயிற்று. அரிசி மூட்டை அலமாரி மேலே. தீபாவளித் துணி அதற்கு மேலே. முறுக்கு டின்னுக்கு மூடியைச் சுற்றி ஒட்டுக் காகிதம். சாமி படங்களையும் விளக்கையும் துணியில் சுற்றி ஏணி போட்டுப் பரணில் ஏற்றினேன். கக்கூஸ் ஓட்டையில் மண் சாக்கு வைத்து அடைத்தேன், அழுக்குத் தண்ணீர் அது வழியாகத்தான் முதலில் வரும் என்று தோட்டத்தில் கற்றது. சன்னல்களை எல்லாம் இழுத்துச் சாத்தி, பலகை இடுக்கில் கந்தல் துணியைத் திணித்தேன். பின்வாசலுக்கு உள்பக்கம் கட்டை போட்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால் என்ன செய்திருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா? ஒரு தீப்பெட்டிப் பாக்கெட்டை ரொட்டி டின்னில் போட்டு, மெழுகு ஊற்றி, அதைப் பிள்ளையின் பால் புட்டிகளோடு பையில் வைத்துக்கொண்டேன்.

கணவர் அவசரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏய், அந்தத் தோங்க என்ன பண்றது?" என்றார்.

"அது இரும்புலா. தண்ணி அத என்ன பண்ணும்? நீங்க பையன தூக்குங்க" என்றேன்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பார்கள். நான் கோலிய அணையின் லட்சணம் இதுதான்.

மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் எல்லாரும் போய் ஒதுங்கினோம். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று ஒரு வகுப்பறைக்கு நாலைந்து குடும்பம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளைகளைப் படுக்கவைத்தோம். விறகு வந்தது, அரிசி வந்தது, பெரிய குவாலிச் சட்டி வந்தது. தீப்பெட்டி மட்டும் யாரிடமும் உருப்படியாக இல்லை. ஆளாளுக்குச் சட்டைப் பையைத் துழாவுகிறார்கள், எடுத்ததெல்லாம் ஊறிக் கிடக்கிறது. அப்போது நான் என் ரொட்டி டின்னைக் கொண்டுபோய், மெழுகைப் பெயர்த்து, மூடியைத் திறந்தேன் பாருங்கள்! ஒரே உரசலில் பற்றிக்கொண்டது. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு மலாய்க்காரப் பெரியவர் "பண்டாய்!" என்று கட்டை விரலைக் காட்டினார். கெட்டிக்காரி என்று பாராட்டுகிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே இருந்த நாள் முழுக்க நான்தான் நெருப்புக்கு ராணி. யாருக்காவது பற்றவைக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வரவேண்டும்.

இரண்டு நாளில் தண்ணீர் வடிந்துவிட்டது. மூன்றாம் நாள் விடிந்ததும் கணவர் வீட்டு வாசல்வரை எங்களைக் கொண்டுவந்து விட்டார். சேற்றை வாரச் சங்குல் மண்வெட்டி வேண்டும், குவாரிப் பக்கம் போய் யாரிடமாவது வாங்கி வருகிறேன், நான் வந்த பிறகு வேலையை ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

முன்கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தேன். ஐயோ, அந்தக் காட்சி! சுவரில் என் மார்பு உயரத்துக்குக் கோடு கிழித்த மாதிரி சேற்றுக் கறை. தரையில் கணுக்கால் அளவுக்குக் கொழகொழவென்று சேறு. பஞ்சு மெத்தை தண்ணீர் குடித்து, செத்த எருமை மாதிரி கதவடியில் கிடந்தது. நாற்காலி அடுப்படியில், அம்மிக்குழவி வாசலில். எப்படி வந்தது என்று அதைத்தான் கேட்க வேண்டும். நாற்றமோ சொல்லி முடியாது. கக்கூஸ், டீசல், செத்த கோழி, எல்லாம் சேர்ந்த நாற்றம். அதற்கு நடுவில் இன்னொரு வாடை மூக்கைக் குத்தியது. அழுகிய வெங்காயம் மாதிரி. தீபாவளிக்கென்று இரண்டு கிலோ வெங்காயம் வாங்கி அடுப்படிக் கூடையில் வைத்திருந்தேன். போச்சு, அத்தனையும் அழுகிவிட்டது என்று நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

"அம்மா, நாத்தம் அடிக்குதும்மா. தல சுத்துது" என்றாள் மகள்.

"வெங்காயம் அழுகிருச்சும்மா. மூக்கப் பொத்திக்க. சாமி கும்பிட்டுட்டு எல்லாத்தயும் தொறந்து விடலாம்" என்றேன்.

இதை எங்கள் ஆட்கள் படித்தால் புரிந்துகொள்வார்கள். வெள்ளமோ சாவோ, விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பி வந்தால் முதலில் விளக்கு எரிய வேண்டும். விளக்கு எரிவதற்கு முன்னால் விளக்குமாற்றைத் தொடமாட்டோம், சன்னலைக்கூடத் திறக்கமாட்டோம். அந்த வீட்டில் மறுபடியும் மனிதர்கள் வந்துவிட்டார்கள் என்று சாமிக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை. கணவர் வரட்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

கைக்குழந்தையைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். ஏணியில் ஏறிப் படங்களையும் விளக்கையும் இறக்கினேன். சாமி மேடையில் இருந்த சேற்றை முந்தானையால் துடைத்து, படங்களை வைத்து, விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரியை விரலால் நனைத்துத் திரித்தேன். மகள் பக்கத்தில் சூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொட்டி டின்னைத் திறந்து தீப்பெட்டியை எடுத்தேன். நன்றாகக் காய்ந்து கலகலவென்றிருந்தது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? சாமி, பாத்தியா, உனக்கு ஏத்தறதுக்குன்னு நெருப்ப நனையாம கொண்டாந்திருக்கேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் பின்வாசலில் சத்தம் கேட்டது. "அக்கா!"

கேஸ்காரர் குரல். எரிச்சலாக வந்தது. வெள்ளம் வடிந்து இன்னும் சேறுகூடக் காயவில்லை, அதற்குள் கேஸ் விற்க வந்துவிட்டானே என்று நினைத்தேன். பதில் சொல்லவில்லை.

"அக்கா! அக்கா! உள்ள இருக்கா?"

சாமி கும்பிடும்போது பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். கோபம் வந்துவிட்டது. அவருக்குப் புரியட்டும் என்று மலாயில் கத்தினேன். "நந்தி லா! செம்பாயாங் டுலு!" பொறு, முதலில் சாமி கும்பிட்டுக்கொள்கிறேன் என்று.

கத்திவிட்டுக் குச்சியை உரசினேன். விரலெல்லாம் எண்ணெய். குச்சியின் மருந்து வழுக்கி, பொடிப் பொடியாக உதிர்ந்தது. சே என்று அதைப் போட்டுவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டாவது குச்சியை எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் வைத்தேன்.

படாரென்று ஒரு சத்தம். பின்கதவுக் கட்டை முறிந்து தெறித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த மனிதர் சேறு சொட்டும் பூட்ஸ் காலோடு சாமி மேடைக்கே பாய்ந்து வந்துவிட்டார். என் கையில் ஓங்கி ஓர் அடி. தீப்பெட்டி பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தது. அவர் தோள் இடித்து விளக்கு உருண்டது, எண்ணெய் கொட்டியது, முருகன் படம் முகம் குப்புறக் கவிழ்ந்தது. என் மகளின் கையைக் கொத்தாகப் பற்றித் தூக்கி, என் முதுகில் கைவைத்துத் தள்ளி, எங்கள் மூன்று பேரையும் முன்வாசல் வழியாக வெளியே எறிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் முற்றத்துச் சேற்றில் முட்டி போட்டு விழுந்தேன். குழந்தை வீறிட்டது. மகள் கத்தினாள்.

எனக்கு என்ன தோன்றியிருக்கும், நீங்களே சொல்லுங்கள். பட்டப்பகலில் வீட்டுக்குள் புகுந்து பெண்பிள்ளை மேல் கை வைக்கிறான், சாமியைத் தள்ளிவிடுகிறான்! வாசலோரம் ஈர்க்குச்சி விளக்குமாறு கிடந்தது. எடுத்து அடித்தேன். கழுத்தில், முதுகில், எங்கே பட்டதென்று பார்க்கவில்லை. வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அந்த மனிதர் தடுக்கக்கூட இல்லை. ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை. கடைசியில் என்னை ஒதுக்கிவிட்டு, சட்டையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு மறுபடியும் வீட்டுக்குள்ளேயே ஓடினார்.

சன்னல்கள் ஒவ்வொன்றாகப் படபடவென்று திறந்தன. பிறகு தோளில் என் கேஸ் தோங்கோடு பின்பக்கமாக வெளியே வந்து, வெகுதூரம் நடந்து, வெட்டவெளியில் அதை இறக்கினார். உட்கார்ந்து இருமினார். இருமி இருமி வாந்தி எடுத்தார்.

நான் விளக்குமாறும் கையுமாக அவரிடம் போனேன். தோங்கில் ரப்பர் குழாய் பாதியில் அறுந்து தொங்கியது. வெள்ளத்தில் தோங் மிதந்து புரண்டு குழாயை இழுத்து அறுத்திருக்கிறது. தோங்கின் தலையில் இருந்த திருகைக் காட்டினார்.

"அக்கா, இது தொறந்து கெடந்துச்சு. தண்ணி போனதில இருந்து கேஸ் வந்துகிட்டே இருக்கு. வீடு பூரா கேஸ். உனக்கு வாசம் தெரியல?"

அழுகிய வெங்காயம்.

"அந்தக் குச்சி பத்தியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. என் கண்ணுக்கு முன்னால் அந்த முதல் குச்சிதான் நின்றது. எண்ணெய் விரல் வழுக்காமல் இருந்திருந்தால்? மகள் கையில் சூடத் தட்டோடு எனக்கு அரை அடி தூரத்தில் நின்றாள். குழந்தை என் இடுப்பில் இருந்தது. மண்வெட்டியோடு திரும்பி வருகிற மனுஷனுக்கு மூன்று பேரில் ஒருவராவது மிஞ்சியிருப்போமா?

"நீ எப்புடி இங்க வந்தே?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கேஸ் கடை மூடிக் கிடந்தது. யார் வீட்டில் தோங் இருக்கிறதென்று ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் விடிந்ததிலிருந்து கம்பம் கம்பமாக நடந்து, தான் கொடுத்த தோங் ஒவ்வொன்றையும் தேடி மூடிக்கொண்டு வருகிறார். யாரும் அனுப்பவில்லை. மோட்டார் சைக்கிளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவருடைய வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளைகள் சீனக் கோவிலில் இருக்கிறார்கள். சொந்த வீட்டுக்குள் அவர் இன்னும் காலே வைக்கவில்லை.

"அப்பறம் ஏன் கதவுகிட்ட நின்னு கூப்பிட்டுகிட்டே இருந்தே? வாசம் தெரிஞ்ச ஒடனே ஒடச்சிகிட்டு வரவேண்டியதுதானே?" என்று கேட்டேன். அப்போதும் என் வாய்க்கொழுப்பைப் பாருங்கள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"உன் வூட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நீ சொன்னே இல்ல, அக்கா? அதான் படியில நின்னேன். நீ செம்பாயாங் சொன்னே. செம்பாயாங்னா நீங்க நெருப்பு வைப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அப்பறம் நிக்க முடியல லா" என்றார். பிறகு "மாஃப், அக்கா. சாமி படம் விழுந்துருச்சு" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

விளக்குமாற்றால் அடி வாங்கிய மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் கழுத்தில் ஈர்க்குச்சிக் கோடுகள் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தன. என் மகள் கையில் அவருடைய ஐந்து விரலும் பதிந்திருந்தது. நான் ஏதாவது சொல்வதற்குள் அவர் எழுந்துவிட்டார். இன்னும் ஏழெட்டு வீடு பாக்கி இருக்கிறதாம். சேற்றில் பூட்ஸை இழுத்து இழுத்து வைத்து அடுத்த சந்துக்குள் நடந்து போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

கணவர் வந்தபோது மக்சிக் வீட்டு வாசலில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். பிறகு மெதுவாக, "நான்தானே தோங்க மாட்டுனேன். நானும் ஒரு நாளும் மூடுனதில்ல" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளம் போன வீட்டை மீட்பது லேசான வேலையில்லை. சேறு காய்வதற்கு முன்னால் வாரிவிட வேண்டும், காய்ந்துவிட்டால் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். இரண்டு பேரும் வாரினோம், கழுவினோம், மறுபடியும் வாரினோம். சுவருக்கு பினாயிலும் சுண்ணாம்பும். மெத்தையை எரிக்க வேண்டும் என்றார்கள், நான் எரிக்க விடவில்லை, குழி வெட்டிப் புதைக்கச் சொன்னேன். நெருப்பென்றாலே எனக்கு உதறல். இரண்டு நாள் நான் ஒரு குச்சிகூட உரசவில்லை. பிள்ளைகளுக்கு மக்சிக்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார். வெங்காயக் கூடை அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. அழுகவே இல்லை, சேறு பூசிக்கொண்டு முழுசாக இருந்தது.

தீபாவளி வந்தது. முறுக்கு டின்னுக்குள் தண்ணீர் போகவில்லை, அதுவரைக்கும் பரவாயில்லை. கேஸ் கடைக்குப் போய், அந்தச் சீனரைக் குடும்பத்தோடு சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடும்படி கணவரை அனுப்பினேன். அவர் தனியாகத்தான் வந்தார். அன்றைக்குப் பூட்ஸ் இல்லை, செருப்பு. வீட்டுக்கு முன்வாசல் ஒன்று இருப்பதே தெரியாதவர் மாதிரி, நேராகப் பின்பக்கம் போய், அந்தப் படியில் ஏறி நின்றுகொண்டு, "அக்கா!" என்று கூப்பிட்டார்.

நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். "உள்ள வாங்க" என்றேன். அதுவரை அவரை வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். அவர் செருப்பைக் கழற்றினார். ஆனால் படியைத் தாண்டவில்லை. "இங்கயே நல்லா இருக்கு லா, அக்கா" என்று சிரித்தார். நான் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன், கணவர் கூப்பிட்டார். அவர் கால் எழவே இல்லை. நான் போட்ட கோடு அவ்வளவு ஆழமாக விழுந்திருந்தது. கடைசியில் என் மகள் போய் அவர் கையைப் பிடித்தாள். அவளுடைய கையில் அந்த விரல் தடம் இன்னும் லேசாக மஞ்சள் பாரித்துத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளோடு உள்ளே வந்தார்.

சாமி மேடைக்கு முன்னால் பாய் விரித்து, இலை போட்டு அவரை உட்காரவைத்தேன். உட்காருவதற்கு முன்னால் அடுப்படியில் குனிந்து தோங்கின் திருகைத் தொட்டுப் பார்த்தார். மூடியிருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்து சாப்பிட்டார்.

அந்தக் கம்பத்தை விட்டு நாங்கள் ஈப்போ டவுனுக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இங்கே வெள்ளம் வருவதில்லை. என் மகளுக்கே கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். இன்றைக்கும் சாயங்காலம் விளக்கேற்றப் போகும்போது தோங்கைத் தொட்டுப் பார்க்கிறேன், சன்னலைத் திறக்கிறேன், குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்து நிற்கிறேன். யாராவது கூப்பிட்டால் குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்துவிடுகிறேன், ஏனென்றால் சாமி எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும், வாசற்படியில் ஒரு மனிதரைக் காக்க வைக்கத்தான் எனக்கு இன்னமும் பயமாக இருக்கிறது.